பத்து நிமிடத்துக்கு ஒரு முறை

ஜூன் 9, திங்கள்

பெற்றோருக்குக் கொடுப்பதற்காக அச்சடித்த தினக்குறிப்பு நோட்டுகளில் ஒன்று மிச்சம் இருந்தது. அட்டையில் யானைக்குட்டி. அதை நான் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் நான்கு கட்டங்கள்: சாப்பாடு, தூக்கம், வயிறு, மனநிலை. நாற்பத்து மூன்று வயதுக்காரிக்கு இதையெல்லாம் யார் நிரப்பிக் கொடுப்பார்கள், நானே நிரப்பிக்கொள்கிறேன். சாப்பாடு: ஆறிப்போன உப்புமா. தூக்கம்: ஐந்து மணி நேரம். வயிறு: கேட்காமல் இருப்பது நல்லது. மனநிலை: எரிச்சல்.

எரிச்சலுக்குக் காரணம் ஹேமலதா மேடம். கோயம்புத்தூரில் மூன்று குழந்தைகள் காப்பகம் நடத்துகிறார். சரவணம்பட்டியில் உள்ள இந்தக் கிளைக்கு நான் பொறுப்பாளர். காலை ஏழு மணிக்கே போன். "கோகிலா, இந்த வாரம் செக்கிங் வர்றாங்களாம். ரெஜிஸ்டர் எல்லாம் கரெக்டா இருக்கணும்." ரெஜிஸ்டர் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். ஆள் அனுப்புகிறேன் என்று மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஏப்ரலில் ஒருத்தி வேலையை விட்டுப் போனாள், அந்த இடம் இன்னும் காலி.

பதினோரு குழந்தைகள். நான், ஜெசிந்தா, சமையல் பார்க்கும் பாப்பாத்தி அக்கா. வாசல் சுவரில் நீல எழுத்தில் பெரிய பலகை மாட்டியிருக்கிறோம். இரண்டு வயதுக்குட்பட்ட நான்கு பேருக்கு ஒரு பணியாளர். அதற்கு மேற்பட்ட எட்டுப் பேருக்கு ஒருவர். தூங்கும் அறையில் எந்நேரமும் ஒருவர் உட்கார்ந்திருப்பார். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு குழந்தையின் மூச்சையும் கவனித்துப் பதிவேட்டில் எழுதுவார். இந்தப் பலகையைப் படித்துவிட்டுத்தான் பாதிப் பேர் குழந்தையைச் சேர்க்கிறார்கள். நாங்கள் மூன்று பேரும் வந்தால் பலகையில் இருப்பது உண்மை. ஒருத்தி வராவிட்டால் பொய்.

அதனால்தான் திங்கட்கிழமைக் கையெழுத்து. ஆறு நாளுக்கும் சேர்த்து வருகைப் பதிவேட்டில் இன்றே எல்லாரும் போட்டுவிடுவோம். நடுவில் ஒருத்தி லீவு எடுத்த நாளில் சோதனைக்கு வந்தாலும் தாளில் ஆள் இருக்கும். "கடைக்குப் போயிருக்காங்க, இப்ப வந்துருவாங்க" என்று சொல்லிக்கொள்ளலாம். மேடம் சொல்லிக் கொடுத்த வழி. இதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

மிளிரன் இன்று பாப்பாத்தி அக்காவின் விரலைக் கடித்துவிட்டான். பதின்மூன்று மாதம், மொத்தமே நான்கு பல். "நாலு பல்ல வெச்சுக்கிட்டே இந்த வரத்து வர்றானே, முப்பத்திரண்டும் மொளைச்சா என்னய முழுங்கிருவான் சாமி" என்று அக்கா அவனைத் தூக்கிக் கொஞ்சினார்.

ஜூன் 10, செவ்வாய்

நாப்கின் துவைக்கும் மெஷின் ரிப்பேர். கையால் அலசினோம்.

சாயங்காலம் கிளம்பும்போது ஜெசிந்தா தயங்கித் தயங்கி நின்றாள். அவளுடைய பெண்ணுக்கு ஐந்து வயது. "பாப்பாக்குப் பொன்னுக்கு வீங்கி வந்திருச்சுங்க்கா. ரண்டு கன்னமும் பன்னு மாதிரி இருக்குது. பாத்துக்க ஆளில்லைங்க. நாளைக்கு ஒரு நாள் வரமாட்டேனுங்க்கா."

கூட்டிக்கொண்டு வா என்று சொல்ல முடியாது, மற்றக் குழந்தைகளுக்கு ஒட்டிக்கொள்ளும். சரி, போய்ப் பார் என்றேன். வேறென்ன சொல்வது?

ஜூன் 11, புதன்

மிளிரன் ஆஸ்பத்திரியில். என்னால் எழுத முடியவில்லை.

ஜூன் 12, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். நாளைக்கு யார் கேட்டாலும் மாற்றிச் சொல்லக் கூடாது.

பன்னிரண்டே முக்காலுக்குக் கைக்குழந்தைகள் நான்கு பேருக்கும் பால் கொடுத்துப் படுக்க வைத்தோம். ஜெசிந்தா தூங்கும் அறையில் இருந்தாள். பெரிய குழந்தைகள் ஏழு பேரும் பின்னறையில் படுத்திருந்தார்கள், அவர்களோடு பாப்பாத்தி அக்கா. நான் சமையலறையில் பால் புட்டிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று நாற்பதுக்கு பாப்பாத்தி அக்கா துண்டு எடுக்கத் தூங்கும் அறைக்குப் போனார். போனவர் போட்ட கூச்சலில் வீடே அதிர்ந்தது. "அம்மிணீ, ஓடியா! பையன் நெறம் மாறிக் கெடக்கறான்!"

மிளிரன் குப்புறப் புரண்டு, வீட்டிலிருந்து கொடுத்துவிட்ட தலையணையில் முகம் புதைந்து கிடந்தான். பால் வெளியே வந்திருந்தது. உதடு நீலம். பயிற்சியில் பொம்மைக்குச் செய்ததை அவனுக்குச் செய்தேன். முன்னங்கையில் குப்புறப் போட்டு முதுகில் ஐந்து தட்டு. பால் வந்தது. மூச்சு வரவில்லை. திருப்பிப் போட்டு வாயும் மூக்கும் சேர்த்து ஊதினேன். ஒரு விக்கல் மாதிரி வந்தது. அழவில்லை. குழந்தை அழுதுவிடாதா என்று அப்படி ஏங்கினேன்.

தெய்வம் அனுப்பிய மாதிரி வாசலில் ஒரு கார் நின்றது. ஏறி உட்கார்ந்தேன். இரண்டு ஐந்துக்கு ஆஸ்பத்திரி. போகிற வழியெல்லாம் ஊதிக்கொண்டே போனேன்.

தீவிர சிகிச்சையில் வைத்திருக்கிறார்கள். மூச்சுக்குக் குழாய் போட்டிருக்கிறார்கள். நாற்பத்தெட்டு மணி நேரம் போனால்தான் சொல்ல முடியுமாம். அம்மா கீர்த்தனா ஆபீஸ் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியபடியே ஓடி வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "நீங்க இல்லீன்னா எம்பையன் இல்லீங்க்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். 

ஜூன் 13, வெள்ளி

தூக்கம்: இல்லை. மற்றக் கட்டங்களை விட்டுவிட்டேன்.

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். யானைக்குட்டி போட்ட நோட்டுக்கு முன்னால் உட்கார்ந்து பொய் எழுதியிருக்கிறேன். இதை யார் படிக்கப் போகிறார்கள்? கோகிலவாணி, உனக்கே நீ பயப்படுகிறாயா?

ஜெசிந்தா புதன்கிழமை வரவில்லை. தூங்கும் அறைக்கு நான்தான் ஆள். அன்றைய பதிவேட்டில் பன்னிரண்டு ஐம்பது முதல் இரண்டரை வரை எல்லா வரிசையிலும் 'ஜெ' என்று போட்டது நான். குழந்தைகள் படுத்ததுமே மொத்தமாகப் போட்டுவிட்டேன். அவள் வந்ததாக வருகைப் பதிவேடு சொல்லும்போது தூங்கும் அறையிலும் அவள் பெயர் இருந்தால்தானே ஒத்துப்போகும். வராத நாட்களில் எப்போதும் இப்படித்தான் செய்வது. அவளும் எனக்காகப் போட்டிருக்கிறாள்.

இன்று மேடம் வந்தார். மிளிரனின் அப்பா தினகரன் போலீசில் புகார் கொடுத்துவிட்டாராம். ஆபீஸ் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மேடம் என்னை உட்கார வைத்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"கோகிலா, நல்லாக் கேட்டுக்கோ. ஆள் பத்தலைன்னு வந்தா லைசென்ஸ் போச்சு. மூணு பிராஞ்சும் போச்சு. நீ பொறுப்பாளர், உன் மேலதான் முதல் கேஸ். ஆனா ஆள் இருந்தாங்க, அந்த ஆள் கவனிக்கலைன்னா அது ஒருத்தியோட தப்பு. ஒருத்தியோட போயிரும்."

"ஜெசிந்தா வரவே இல்லைங்களே மேடம்."

"கையெழுத்து இருக்கில்ல?"

"கேமரா?"

வாசலிலும் ஹாலிலும் கேமரா உண்டு, தூங்கும் அறைக்குள் கிடையாது. மேடம் அதையும் யோசித்து வைத்திருந்தார். "ஏழு நாள்தான் நிக்கும். அப்புறம் தானா அழிஞ்சிரும். யாரும் கேட்டா ரிப்பேர்னு சொல்லிக்கலாம்."

பதிவேடுகளையெல்லாம் பையில் போட்டு அவரே எடுத்துக்கொண்டு போனார். நான் விரல் விட்டு எண்ணினேன். புதனிலிருந்து புதன். பதினெட்டாம் தேதி.

எண்ணிவிட்டேன். எண்ணும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. இதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 14, சனி

ஐந்து குழந்தைகள்தான் வந்தார்கள். தூங்கும் அறையில் நான் உட்கார்ந்தேன். பத்து நிமிடம்கூடப் பொறுக்க முடியவில்லை, இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் மூக்கருகில் கை வைத்துப் பார்த்தேன். ஒரு குழந்தை விழித்துக்கொண்டு என்னைப் பார்த்து அலறியது. என் முகம் அப்படி இருந்திருக்கும்.

ஜெசிந்தா போன் செய்தாள். ஒரு வாரம் வர வேண்டாம் என்று மேடம் சொல்லியிருக்கிறாராம். வேறெதுவும் அவளுக்குத் தெரியாது. அழுதுகொண்டே பேசினாள். "நான் லீவு போடாம இருந்திருந்தா இப்படி ஆயிருக்காதுங்க்கா. எல்லாம் என்னாலதானுங்க. கோயிலுக்குப் போயி முட்டி போட்டுக் கெடந்தேன். மிளிரன் எந்திரிச்சுருவானில்லீங்க்கா?"

"எந்திரிச்சுருவான்" என்றேன்.

"பாப்பாக்கு வீக்கம் வத்திருச்சுங்க. திங்கக்கிழமைல இருந்துகூட வர்றேனுங்க்கா, நீங்க ஒத்தையாளா என்ன பண்ணுவீங்க."

பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அவளை நான்தான் வேலைக்குச் சேர்த்தேன். அப்போது வயிற்றில் எட்டு மாதம், யாரும் வேலை கொடுக்கவில்லை. பிள்ளை பெற்று மூன்றாம் மாதம் திரும்பி வந்தாள். அன்றிலிருந்து ஒரு குழந்தையைக்கூட அவள் குரல் உயர்த்தி அதட்டி நான் கேட்டதில்லை.

ஜூன் 15, ஞாயிறு

மிளிரனுக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள்! தானாக மூச்சு விடுகிறான். கண்ணைத் திறந்து அம்மாவைத் தேடினானாம். கீர்த்தனா போனில் சொன்னபோது அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். என் வீட்டுக்காரர் பயந்து ஓடி வந்தார். அவருக்கு இன்னும் முழுசாக எதுவும் தெரியாது.

அழுது முடித்து முகம் கழுவும்போதுதான் அந்த நினைப்பு வந்தது. கை அப்படியே குழாயடியில் நின்றுவிட்டது.

பதிவேட்டில் இரண்டரை வரை எழுதியிருக்கிறேனே.

ஒன்று நாற்பதுக்குக் குழந்தை நீலமாகக் கிடந்தான். ஒன்று ஐம்பது: மிளிரன், மல்லாந்து தூங்குகிறான், மூச்சு சீர், ஜெ. இரண்டு மணி: மூச்சு சீர், ஜெ. இரண்டு பத்து: மூச்சு சீர். அப்போது ஆஸ்பத்திரியில் அவனுக்குக் குழாய் போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு இருபது. இரண்டரை. எல்லாம் சீர்.

மேடத்துக்குப் போன் போட்டேன். இரண்டரை வரை எழுதியதைச் சொன்னேன். பதிவேடுகளை நேற்றே காப்பகங்களைச் சோதிக்கும் அதிகாரியிடம் கொடுத்தாகிவிட்டதாம்.  பிறகு சிரிக்கிற மாதிரி ஒரு குரல். "நல்லதுதானே கோகிலா. ஜெசிந்தா பாக்காமலே எழுதியிருக்கான்னு ஆயிரும். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

இந்தப் பொம்பளையின் நெஞ்சு எதனால் செய்தது?

நான் யாரைக் கேட்கிறேன்.

ஜூன் 16, திங்கள்

இன்று நான் செய்ததை எழுதாமல் விடக் கூடாது.

அதிகாரி திலகவதி ஒரு போலீஸ்காரரோடு பத்து மணிக்கு வந்தார். காப்பகத்தை மூடச் சொல்லி உத்தரவு கொண்டுவந்திருந்தார். ஹாலில் குழந்தைகளின் குட்டி நாற்காலிகள்தான் இருந்தன. அவர் ஒன்றில் உட்கார்ந்தார், முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மிளிரனின் அப்பா தினகரன் சுவரில் சாய்ந்து நின்றார். மேடம் பட்டுப்புடவையில் வந்திருந்தார். ஜெசிந்தாவைக் கூப்பிட்டிருந்தார்கள். மிளிரன் பிழைத்துவிட்டான் என்று கேள்விப்பட்டு அவள் சந்தோஷமாக வந்தாள், பாவி மகள்.

அதிகாரி வருகைப் பதிவேட்டைத் திருப்பி அவள் முன் வைத்தார். "இது உங்க கையெழுத்துதானே? புதன்கிழமை."

"ஆமாங்க மேடம்."

"தூங்குற ரூம்ல ஒன்னு அம்பதுல இருந்து ரெண்டரை வரைக்கும் அஞ்சு தடவை மூச்சு சீரா இருக்குன்னு எழுதியிருக்கீங்க. அந்த நேரம் குழந்தை அந்த ரூம்லயே இல்ல. என்னம்மா இது?"

ஜெசிந்தாவுக்குப் புரியவே இல்லை. தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நான் அன்னைக்கு வரவே இல்லைங்க மேடம். பாப்பாக்கு ஒடம்பு சரியில்லைங்க. வீட்டுலதானுங்க இருந்தேன்."

"உங்க கையெழுத்துன்னு இப்பதானே சொன்னீங்க?"

"அது திங்கக்கிழமையே போட்டுருவோமுங்க."

"எதுக்கு?" என்றார் அதிகாரி. அவள் மறுபடி என்னைப் பார்த்தாள். மேடம் நாற்காலியில் அசைந்தார். "மாட்டிக்கிட்டதும் என்னென்னமோ சொல்லுது மேடம் அந்தப் பொண்ணு."

"கேமரா இருக்கா?"

"ரிப்பேருங்க. ஒரு மாசமா" என்றார் மேடம்.

என் தலைக்கு மேலே ஹால் கேமராவின் சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யாராவது நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும். யாரும் பார்க்கவில்லை.

"கோகிலவாணி, நீங்கதான் பொறுப்பு. நீங்க சொல்லுங்க. புதன்கிழமை இவங்க வந்தாங்களா, இல்லையா?"

எனக்கு ஜெயில் கண்ணில் தெரிந்தது. நிஜமாகவே தெரிந்தது. கம்பி, அலுமினியத் தட்டு, என் வீட்டுக்காரர் வெளியே கைகட்டி நிற்பது.  பின்னறையிலிருந்து பாப்பாத்தி அக்கா எட்டிப் பார்த்தார், மேடம் ஒரு பார்வை பார்த்ததும் உள்ளே போய்விட்டார்.

"வந்திருந்தாங்க" என்றேன்.

ஜெசிந்தா கத்தவில்லை, திட்டவில்லை. "அக்கா" என்றாள். அவ்வளவுதான். தினகரன் அவள் பக்கம் பாய்ந்தார், போலீஸ்காரர் பிடித்துக்கொண்டார். "உனக்கும் ஒரு கொழந்தை இருக்குதில்ல? இருக்குதில்ல?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அறிக்கை புதன்கிழமை போலீசுக்குப் போகுமாம். அதற்குப் பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு போவார்கள்.

ஜூன் 17, செவ்வாய்

குழந்தைகளின் துணிப்பைகளைப் பெற்றோரிடம் கொடுக்க வேண்டும் என்று சாவி வாங்கிக்கொண்டு காலையில் காப்பகத்துக்குப் போனேன். பாப்பாத்தி அக்கா வாசலில் உட்கார்ந்திருந்தார். "அந்தப் புள்ளைய இப்படிக் காவு குடுத்துப்போட்டியே அம்மிணி" என்றார். பிறகு தன்னையே திட்டிக்கொண்டார். "நானும் வாயத் தொறக்கலையே. எனக்கு மட்டும் என்ன யோக்கியதை."

கேமராவின் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். பெற்றோர் கேட்டால் போட்டுக் காட்டுவது நான்தானே. கம்ப்யூட்டரைத் திறந்து பதினொன்றாம் தேதியைப் போட்டேன். நாளைக்கு அழிந்துவிடும்.

காலை எட்டு. கேட்டைத் திறக்கிறேன். பாப்பாத்தி அக்கா வருகிறார். குழந்தைகள் வருகிறார்கள். கீர்த்தனா மிளிரனை என்னிடம் கொடுத்துவிட்டு அவன் உச்சியில் முத்தம் கொடுத்துப் போகிறாள். ஜெசிந்தா இல்லை. நாள் முழுக்க ஓட்டினாலும் அவள் இல்லை. இது போதும் அவளுக்கு.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என்னால் முடியவில்லை. ஒன்று இருபதுக்கு ஓட்டினேன்.

நான் சமையலறையில் இல்லை. இந்த நோட்டில் அந்தப் பொய் மட்டும் இன்னும் அப்படியே கிடக்கிறது. தூங்கும் அறையிலும் இல்லை. மேடம் போன் செய்து, "புதுசா அட்மிஷனுக்கு ஒரு பார்ட்டி வர்றாங்க, பத்து நிமிஷம்தான், நல்லா சுத்திக் காட்டு" என்றார். நான்கு குழந்தைகளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு வாசலுக்குப் போனேன். கணவன், மனைவி, அந்தப் பெண்ணின் தோளில் ஒரு கைக்குழந்தை. வாசலில் நின்ற கார் அவர்களுடையது.

படத்தில் நான் பலகையைச் சுட்டிக் காட்டுகிறேன். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துச் சொல்கிறேன். நன்றாகத்தான் சொல்கிறேன் போலிருக்கிறது, அந்தப் பெண் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்கிறாள். ஒன்று இருபத்தைந்துக்கு ஹாலுக்குள் வருகிறோம். அவள் தூங்கும் அறைப் பக்கம் கை காட்டுகிறாள். கதவருகில் போகிறாள். நான் குறுக்கே போய் நிற்கிறேன். கதவில் கை வைத்துக்கொண்டு சிரிக்கிறேன்.

கேமராவில் சத்தம் பதிவாகாது. என்ன சொன்னேன் என்று எனக்குத் தெரியும். "தூங்குற நேரத்துல வெளியாளுங்களை உள்ள விடறதில்லைங்க. அது எங்க ரூல்."

அப்படி ஒரு ரூலே கிடையாது. உள்ளே ஆள் இல்லாதது தெரிந்துவிடும் என்று அந்த நிமிடம் வாயில் வந்ததைச் சொன்னேன். அவர்களுக்கு ரொம்பத் திருப்தி. பிறகு பதினைந்து நிமிடம் விளையாட்டுச் சாமான்களைக் காட்டிக்கொண்டிருக்கிறேன். ஒன்று நாற்பதுக்குப் பாப்பாத்தி அக்கா துண்டு எடுக்கப் போகிறார்.

எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றினேன். போனிலும் ஒரு பிரதி. மூன்று தரம் தப்பான பட்டனை அழுத்தினேன்.

பயமாக இருக்கிறது. பயம் கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் அது என் பயம், ஜெசிந்தாவின் தலையில் இறக்கி வைக்க எனக்கு உரிமை இல்லை.

ஜூன் 18, புதன்

விடிந்ததும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். டீயை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஏன் இத்தன நாளா எங்கிட்டச் சொல்லல" என்று மட்டும் கேட்டார். லேத் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு என்னோடு பஸ் ஏறினார்.

அதிகாரி தன் அலுவலகத்தில் கேமராப் படத்தை முழுசாகப் பார்த்தார். திங்கட்கிழமைக் கையெழுத்து, 'ஜெ' என்று நான் எழுதியது, மேடம் சொன்னது, எல்லாவற்றையும் என் கையால் எழுதி வாங்கினார். ஏழு பக்கம்.

"உங்க மேல கேஸ் வரும். தெரியுமில்ல?"

"தெரியுங்க மேடம்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"பயமா இருந்துச்சுங்க."

"இப்ப?"

"இப்பவும்தானுங்க."

அவர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளினார். ஜெசிந்தாவின் பெயரை எடுத்துவிடுவதாகச் சொன்னார். ஏழு பக்கத்திலும் கதவைப் பற்றி நான் எழுதவில்லை. படத்தில் நான் சிரித்துக்கொண்டு நிற்பது மட்டும்தான் தெரிகிறது. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஜூன் 20, வெள்ளி

ஜெசிந்தா போனை எடுக்கவில்லை. நானாக இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன்.

மேடத்தின் வக்கீல் பேசினார். என்னென்னவோ மிரட்டினார். திங்கட்கிழமை போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். காட்டன் புடவை இரண்டை எடுத்து வைத்தேன். பிறகு எதற்கு இரண்டு என்று நினைத்து ஒன்றைத் திரும்ப வைத்தேன். பிறகு மறுபடி எடுத்து வைத்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

பதினோரு மணிக்குக் கதவு தட்டினார்கள். போலீஸ் என்று நினைத்தேன். திறந்தால் கீர்த்தனா. இடுப்பில் மிளிரன். நேற்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். ஆறு மாதம் மாதா மாதம் காட்ட வேண்டுமாம், தலைக்குள் எதுவும் பாதிப்பு இருக்கிறதா என்று அப்போதுதான் தெரியுமாம். கன்னம் வற்றியிருந்தது. கைமுட்டியில் ஊசி குத்திய இடம் பச்சையாக இருந்தது.

உள்ளே வாங்க என்றேன். வாசற்படியிலேயே நின்றாள்.

"அந்தக் கார்க்காரங்களுக்குத் தேங்க்ஸ் சொல்லலாம்னு போயிருந்தேன். அந்தப் பொண்ணு அழுதுச்சு. தூங்குற ரூமப் பாக்கணும்னு கேட்டோம், விடல, கேட்டதோட விட்டுட்டோமேன்னு சொல்லி அழுதுச்சு." என் முகத்தையே பார்த்தாள். "விடக் கூடாதுன்னு ரூல் இருக்குதாங்க்கா?"

"இல்லீங்க."

"அவங்க கேட்டப்ப மணி என்ன?"

"ஒன்னு இருபத்தஞ்சு."

"ஒன்னு நாப்பதுக்குப் பாத்தீங்க."

"ஆமாங்க."

அவள் உதடு அசைந்தது. கணக்குப் போடுகிறாள் என்று தெரிந்தது. நானும் ஐந்து நாளாக அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். என்னை அடித்துவிட்டால்கூட நன்றாக இருக்கும் என்று நின்றேன்.

"உங்க கையப் புடிச்சுட்டு அழுதேனே" என்றாள். "உங்களுக்காக வேண்டிக்கிட்டேன். எம்பையனோட சேத்து உங்களுக்கும்."

மன்னித்துவிடு என்று சொல்ல வாய் வந்தது. அந்த வார்த்தையை அவள் முன்னால் எடுக்க எனக்கு முகமில்லை.

மிளிரன் அதுவரை தெருவில் ஒரு நாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் திரும்பினான். என்னைப் பார்த்ததும் நாலு பல்லும் தெரியச் சிரித்து, இரண்டு கையையும் நீட்டி என்னிடம் தாவினான். கீர்த்தனா அவனை இறுக்கிப் பிடித்தாள். அவன் விடாமல் "ஆ, ஆ" என்று என் பக்கமே எக்கினான். என் கை தானாக மேலே போனது. பாதியில் இறக்கிக்கொண்டேன்.

அவள் அவனை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு படியிறங்கினாள். தெருமுனை திரும்பும்வரை அவன் அழுகிற சத்தம் கேட்டது.